கண்ணைத் தோண்டும் திருடர்களும் காணாமல் போன ஓவியரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் நண்பர் வீட்டுப் பட்டாலையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பகடை உருட்டுவோம், கதை சொல்வோம், படம் வரைவோம். அந்தப் பட்டாலைச் சுவரில் ஐயா காலத்து ரவிவர்மா லட்சுமிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு பூதத்தின் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் கேட்பது அதைப் பற்றித்தான். நான் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. “எழுதி வச்சிருங்களேன், கையில குடுத்திரலாம்” என்றார் நண்பர். எழுதிவிட்டேன்.

அந்தப் பூதத்தை வரைந்தது யார்?

டேவிட் ஏ. டிராம்பியர் என்ற அமெரிக்க ஓவியர். 1954-இல் பிறந்தார், 2014-இல் இறந்தார். ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ விளையாட்டின் ஆரம்பகாலப் புத்தகங்களுக்குப் படம் போட்டவர்களில் ஒருவர். சுவரில் இருப்பது 1978-இல் வந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ என்ற விதிப் புத்தகத்தின் அட்டை. டி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளைப் பின்னி ஒரு முத்திரை மாதிரி படத்தின் மூலையில் போட்டுவிடுவார். அதனால் ரசிகர்களுக்கு அவர் ‘டாட்’.

அவர் வரைந்தது அதிகபட்சம் பதினோரு வருடம். அப்புறம் பேனாவைக் கீழே வைத்தவர் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் அவரைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வீடியோ கேமா?

இல்லை. வாயால் ஆடுகிற ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார்: “குகைக்குள் போகிறீர்கள். இடது பக்கம் ஒரு கதவு. உள்ளே யாரோ இருமுகிற சத்தம். என்ன செய்வீர்கள்?” மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக, ஒருத்தர் வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன் என்று பதில் சொல்வார்கள். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கி, 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளியிட்டார்கள். முதலில் அச்சடித்தது ஆயிரம் பெட்டி.

இருபது முகப் பகடையைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். தாயக்கட்டை உருட்டிய கைக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு சிக்கல் உண்டு. தாயத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும், வீடே கூச்சல் போடும். எங்கள் ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் கத்தி கையை விட்டு நழுவிவிடும். இருந்தும் எங்கள் பிள்ளைகள் ஒன்று விழும்போதெல்லாம் “தாயம்!” என்று துள்ளிக் குதிக்கிறார்கள். அடுத்த நொடி முகம் தொங்கிப்போகும்.

இந்தப் புத்தகம் செட்டிநாட்டுக்கு எப்படி வந்தது?

பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்த ஊருக்கு ஒரு புத்தகம் வருவதா அதிசயம்? நண்பரின் சித்தப்பா எண்பதுகளில் அமெரிக்காவில் படித்தவர். திரும்பி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியை இரண்டாம் கட்டு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்காக வெளியூர் போனார். வருடக்கணக்கில் அது பூட்டியே கிடந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்க அறையை ஒழித்தபோது பெட்டியைத் திறந்தோம். ஒரு கம்பளிக் கோட்டு, கணக்குப் புத்தகங்கள், அவற்றுக்கு அடியில் இந்தப் பூதம்.

அன்றைக்கு வெள்ளையடிக்கிற வேலை நடக்கவில்லை.

அட்டையில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சாகசக் கதைக்கு அட்டை போடச் சொன்னால் எந்த ஓவியரும் சண்டையைத்தான் வரைவார். வாள் ஓங்கியிருக்கும், டிராகன் நெருப்புக் கக்கும், தலைமுடி பறக்கும். டிராம்பியரின் அட்டையில் சண்டை முடிந்துவிட்டது. பல்லி மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள். ஒருவன் வாளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். சிலர் வரைபடத்தை விரித்து வைத்து அடுத்து எந்தப் பக்கம் போவது என்று யோசிக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மேலே, படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, அந்தப் பூதச் சிலை. அதன்மேல் இரண்டு திருடர்கள் ஏறி, கண்ணில் பதித்த ரத்தின மணியை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருவன்கூட நம்மைப் பார்க்கவில்லை. யாரும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கவில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி எழுந்த பிறகு, இலை எடுப்பவர் ஒரு பக்கம், பாத்திரம் கழுவுபவர் ஒரு பக்கம், மிச்ச ஜாங்கிரியை யாருக்குக் கொடுப்பது என்று பேசுகிறவர்கள் ஒரு பக்கம் இருப்பார்களே, அந்த மாதிரி ஒரு நேரம். மாப்பிள்ளை பெண்ணைப் படம் பிடிக்க நூறு பேர் உண்டு. இந்த நேரத்தைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றாது.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது. அந்தக் காலத்து விதிப்படி, பாதாளத்திலிருந்து எடுத்துவரும் புதையலில் பொற்காசு ஒன்றுக்கு அனுபவப் புள்ளி (பாத்திரம் வளரச் சேர்க்கும் மதிப்பெண்) ஒன்று. அரக்கனைக் கொன்றால் கிடைக்கும் புள்ளியைவிட அவன் காத்துக் கிடந்த பெட்டியில்தான் அதிகம். அதாவது ஆட்டமே சண்டை பற்றியது இல்லை. போய், எடுத்துக்கொண்டு, உயிரோடு திரும்பி வருவது பற்றியது. 128 பக்கப் புத்தகம் பத்தி பத்தியாக விளக்குவதை அட்டை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. விதி ஒன்றுகூடத் தெரியாத பிள்ளைகள் அட்டையைப் பார்த்தே எப்படி ஆட வேண்டும் என்று கண்டுபிடித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். “சார், கயிறு வாங்கிக்கிட்டுப் போகணும், இல்லைன்னா மேலே ஏற முடியாது.” முதல் நாள் முதல் கேள்வி அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம். மணி இன்னும் கழன்று வரவில்லை. வந்தால் என்ன ஆகும்? சிலை எழுந்துவிடுமா? 1978-லிருந்து பார்க்கிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். 1983-இல் ஜெஃப் ஈஸ்லி என்ற இன்னொரு நல்ல ஓவியரின் படத்தோடு புத்தகத்துக்கு அட்டை மாற்றினார்கள். பூதத்தின் ஆயுசு ஐந்து வருடம்தான் என்று பார்த்தால், அதற்கப்புறம் எத்தனை பேர் அதைத் திரும்ப வரைந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க முடியாது. புத்தக அட்டைகளில், சட்டைகளில், கேலிப் படங்களில் அதே சிலை, அதே இரண்டு பேர்.

சாமி கண்ணைத் தோண்டுகிற படத்தை வீட்டில் மாட்டலாமா?

இது நண்பரின் அப்பத்தா கேட்டது. இப்போதும் வருகிற பெரியவர்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்தால், கண் திறக்கிற வரைக்கும்தான் அது மண். கோயில் சிலைக்கும் அப்படித்தான், கண் கடைசியில் திறப்பது. கண்ணில் கை வைப்பது என்றால் என்ன என்று அமெரிக்கப் பையனைவிட நம்மூர்க் கிழவிக்கு நன்றாகத் தெரியும். சிலை கடத்தல் வழக்குகள் வேறு நம் பத்திரிகைகளில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன.

அப்பத்தாவிடம், “அது சாமி இல்லை அப்பத்தா, பேய்” என்றார் நண்பர்.

“பேயா இருந்தா மட்டும் கண்ணை நோண்டலாமா? அவனுகளுக்குக் கேடு வரத்தான் போகுது, பாரு.”

படத்தை அவ்வளவு சரியாக வேறு யாரும் படித்து நான் கேட்டதில்லை. கேடு வரப்போகிறது என்ற அந்த நடுக்கம்தான் முழுப் படமும். அப்பத்தா எடுக்கச் சொல்லவில்லை. லட்சுமி படத்துக்கு நேராக இல்லாமல் ஓரமாகத் தள்ளி மாட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைப் படங்களும் அவர்தானா?

நிறைய. 1977-இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’தான் இந்த விளையாட்டின் முதல் கெட்டி அட்டைப் புத்தகம். அரக்கர் அகராதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் டேவிட் சதர்லேண்ட் போன்றவர்களோடு சேர்ந்து டிராம்பியரும் வரைந்தார். என்னைக் கேட்டால் வண்ண அட்டையைவிட இங்கேதான் அவர் பெரிய ஆள். அச்சு சுமார், படங்களும் சின்னச் சின்னதாக. அதற்குள் மையை அப்பி, வெள்ளையை எண்ணி எண்ணிச் செலவழித்திருக்கிறார்.

சதுப்பு நிலத்தில் அலையும் வெளிச்சத்தை வரைந்திருக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு வேறு பெயர். நம்மூரில் கொள்ளிவாய்ப் பிசாசு. கண்மாய்க் கரையில் ராத்திரி வெளிச்சம் தெரியும், பின்னாலேயே போனவன் சேற்றில் இறங்கிவிடுவான் என்று நாம் கேட்டு வளர்ந்த அதே பிசாசு. எங்கள் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைத் திறந்தால் விளக்கமே தேவைப்படுவதில்லை. பிள்ளைகள் தாங்களாகவே ஆரம்பித்துவிடுவார்கள்: “சார், எங்க தாத்தா பாத்திருக்காரு சார்.”

என்ன பேனா, என்ன பிரஷ் என்று கேட்கும் மாணவர்களுக்கு: ஒரு சாதாரண நிப்பு, ஒரு பிரஷ், இந்தியன் இங்க். மிச்சம் பொறுமை. எந்த இடத்தைக் கறுப்பாக விடுவது என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கோடு போடுங்கள்.

எமிரிகோல் யார்?

யாருக்கும் தெரியாது, அதுதான் வேடிக்கை. 1979-இல் வந்த, கதை நடத்துபவருக்கான ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ புத்தகத்தில் ஒரு முழுப் பக்கப் படம். கல் பாவிய தெரு. குதிரையில் பாய்ந்து வரும் மந்திரவாதி ஒருவன் கையிலிருந்து மந்திரத்தை வீசுகிறான். வழியில் நின்றவர்கள் விழுகிறார்கள். ஒரு சத்திரத்து வாசலில் ஆள் ஒருவன் எட்டிப் பார்க்கிறான். கீழே பெயர்: எமிரிகோல், குழப்பக்காரன். அவ்வளவுதான். யார், எங்கே போகிறான், ஏன் இவ்வளவு கோபம், புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது. நாற்பது வருடத்துக்கு மேலாக ரசிகர்கள் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் அவன் தேவகோட்டையில் வட்டிக் கணக்கில் ஏமாந்தவன். நல்ல கதைதான்.

இந்தப் படத்தைப் பற்றி என் அப்பாவின் ஒரு பேச்சைச் சொல்லியாக வேண்டும். அப்பா ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலை பார்த்தவர். குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோனவர். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்க்குமுன் தரையைப் பார்ப்பார். புத்தகம் கிடைத்த புதிதில் வீட்டுக்கு எடுத்துப்போய் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். மந்திரவாதியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. தெருவையே உற்றுப் பார்த்தார். குறுக்கே போகும் வளைவு, பக்கச் சுவர், தரை.

“இது நெனப்புல போட்ட தெரு இல்லடா. இப்படி ஒரு தெரு எங்கயோ இருக்கு. ஆளு பாத்துட்டுத்தான் போட்டிருக்கான்.”

நான் நம்பவில்லை. வெகுநாள் கழித்து, அந்தத் தெரு கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் இருக்கும் நைட்ஸ் தெருதான் என்று ரசிகர்கள் புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் காட்டிய செய்தியைப் படித்தேன். சிலுவைப் போர்க்கால மாவீரர் சங்கத்தினர் தங்கியிருந்த தெரு அது. இன்றைக்கும் அதே கல், அதே வளைவு. அப்பாவிடம் போய்ச் சொன்னால், “அதத்தான் நான் அப்பவே சொன்னேனே” என்று தோளை உதறிவிட்டுப் போய்விட்டார்.

வோர்மி என்பது என்ன?

‘டிராகன்’ மாத இதழில் டிராம்பியர் எழுதி வரைந்த படக்கதைத் தொடர். 1977-இல் ஆரம்பம். வோர்மி ஒரு டிராகன். சுருட்டுப் பிடிப்பான், பில்லியர்ட்ஸ் ஆடுவான், ஊர் அரக்கர்களோடு மல்லுக்கு நிற்பான். டிராகன் என்றால் மலைபோல் உட்கார்ந்து கர்ஜிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் நம் தெருமுனைப் பெரிய மனிதர் மாதிரி ஒரு டிராகன். வண்ணத்தைப் பார்த்தால் அசந்துவிடுவீர்கள். 1988-இல் 132-ஆம் இதழில் கதை பாதியில் நின்றது. அப்புறம் வரவே இல்லை.

முடிவு என்ன என்று கேட்காதீர்கள். இல்லை.

இதைத் தவிர ஜேசன் மெக்அலிஸ்டர் என்பவரோடு சேர்ந்து ‘டைட்டன்’ என்ற பலகை ஆட்டத்தையும் அவர் உருவாக்கினார். 1980-இல் வந்தது. அரக்கர்களைத் திரட்டிப் படையாகச் சேர்ப்பது ஆட்டம். ஒரு தடவை ஆடி முடிக்க முழு நாள் வேண்டும், அதனால் எங்களிடம் பெயர் எடுக்கவில்லை.

ஏன் நிறுத்தினார்? எங்கே போனார்?

ஏன் என்பதை அவர் பொதுவில் சொல்லவே இல்லை. ‘டிராகன்’ இதழ்க்காரர்கள் அவருக்கு அனுப்பிய காசோலைகள் மாற்றப்படாமல் திரும்பி வந்தன என்று ஒரு பேச்சு உண்டு. இறந்துவிட்டார் என்றுகூட வதந்தி கிளம்பியது. விளையாட்டு வடிவமைப்பாளரும் அவருடைய மைத்துனருமான டாம் வாம், “உயிரோடுதான் இருக்கிறார், ஆனால் இந்த உலகத்தோடு சகவாசம் வேண்டாம் என்கிறார்” என்கிற மாதிரிதான் கேட்டவர்களுக்குச் சொல்லிவந்தார்.

பதினான்கு வருடம் கழித்து, 2002-இல், இல்லினாய் மாநிலத்தின் கார்பண்டேல் ஊரில் பல்கலைக்கழக மாணவர் நாளிதழ் ஒன்று, இரவில் ஓடும் டாக்சியைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. டாக்சி டிரைவர் பெயர் டேவிட் டிராம்பியர். எழுதிய மாணவ நிருபருக்கு அது வெறும் ஊர்ச் செய்தி. படித்த ரசிகர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வோர்மியைப் புத்தகமாகப் போடலாம், திரும்ப வரையலாம் என்று ஆட்கள் அணுகினார்கள். அவர் சம்மதிக்கவில்லை.

டாக்சி ஓட்டுமளவுக்கு ஆகிவிட்டாரே, பாவம் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். காரணம் டிராம்பியர் இல்லை.

எனக்கு பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் காரைக்குடியில் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்த ஒரு அண்ணன். கட்சிச் சுவர், சினிமா பேனர், லாரிக்குப் பின்னால் பருந்து, எல்லாம் போடுவார். அவர் எழுதும் ‘ழ’வின் சுழிப்பைப் பார்க்கவே பள்ளி விட்டதும் அந்தப் பக்கம் சுற்றிப்போவேன். ஃபிளெக்ஸ் பேனர் வந்தது, தொழில் படுத்தது. அவர் ஆட்டோ வாங்கிவிட்டார். பல வருடம் கழித்து பேருந்து நிலையத்தில் அவர் ஆட்டோவிலேயே ஏறினேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அண்ணே, திரும்ப வரையலாமேண்ணே, நானே ஆர்டர் பிடிச்சுத் தர்றேன்” என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ஆட்டோ ஓட்டுறது கேவலமா தம்பி?”

இறங்கும்போது சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவரிடம் நான் அதைப் பேசியதில்லை. இன்றைக்கும் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுவார், மழை பற்றி, பெட்ரோல் விலை பற்றி.

டிராம்பியரின் டாக்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு அந்தக் கண்ணாடிதான் தெரிகிறது.

அப்படியானால் ரசிகர்கள் தேடியது தப்பா?

தேடியது தப்பில்லை. பதினான்கு வருடம் ஒரு ஓவியருக்காகக் கவலைப்பட ஆள் இருந்தது என்பது சாதாரண விஷயமில்லை. நானும்தான் தேடியிருப்பேன். கிடைத்த பிறகு, “எங்களுக்காகத் திரும்பி வா” என்று நின்றதில்தான் எனக்கு இடிக்கிறது. சிலைமேல் ஏறி நெம்புகோலைச் செருகிய அந்த இரண்டு பேரும் மணியின்மேல் ஆசை இல்லாதவர்களா என்ன?

இதை எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. நண்பர் வேறு மாதிரி சொல்வார்: “வரைஞ்சதைப் பிடிச்சிருக்குன்னு ஆள்கிட்டச் சொல்லாம இருக்கிறதும் தப்புதானே?” அதற்கும் என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் கடைசியில் நடந்தது அவர் பக்கம்தான் பேசுகிறது. 2013-இல் டிராம்பியருக்கு உடல்நிலை மோசமானது. டாக்சி வேலையும் போனது. அவராகவே உள்ளூர் விளையாட்டுக் கடை ஒன்றோடு பேசி, கையில் இருந்த மூலப் படங்களைச் சின்ன அளவில் நடக்கும் ஒரு விளையாட்டுச் சந்திப்பில் வைக்கச் சம்மதித்தார். அது 2014 ஏப்ரலில் நடக்க இருந்தது. மார்ச் 24 அன்று இறந்துவிட்டார். வயது 59.

லாரி எல்மோர் மாதிரி பெரிய ஓவியர்கள் இருக்க, ஏன் இவர்?

எல்மோர் பெரிய கைதான், மறுப்பில்லை. 1983-இல் வந்த, இந்த விளையாட்டின் ஆரம்பப் பதிப்பான சிவப்புப் பெட்டியில் டிராகனும் வீரனும் மோதும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே இந்த விளையாட்டுக்குள் வந்தது. தோல், உலோகம், வானம் எல்லாம் தொட்டால் கையில் ஒட்டும் போலிருக்கும். எனக்கு அவர் படங்களைப் பார்க்கும்போது சிவகாசிக் காலண்டர் ஞாபகம் வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் வீட்டு முருகன் எல்லாம் காலண்டரிலிருந்து வந்தவர்தானே. ஆனால் காலண்டர் முருகன் நம்மைப் பார்த்து நிற்பார். நாம் கும்பிடலாம், கூட நடக்க முடியாது. டிராம்பியரின் ஆட்கள் நம்மைக் கவனிக்கவே இல்லை. அதனால் நாமும் ஓரமாக உள்ளே நுழைந்து மூட்டைக்கு ஒரு கை கொடுக்கலாம்.

சின்ன வயதில் பெரிய வீடுகளுக்கு அப்பாவோடு பின்கட்டு வழியாகப் போய், யாரும் கவனிக்காமல் வேடிக்கை பார்த்தவன் நான். அதனாலும் இருக்கலாம்.

டிராம்பியரைப் பார்த்து வரைந்தால் காப்பிதானே?

முதலில் காப்பிதான். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்காவில் 2006-ஐ ஒட்டி பழைய விதிகளையே புதுப்பித்து ஆடும் ஒரு அலை கிளம்பியபோது, அந்தப் புத்தகங்களில் பாதி டிராம்பியரின் கறுப்பு வெள்ளையைப் பார்த்துப் போட்டவைதான். சில பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். சில பேர் தங்கள் கைக்குத் திரும்பினார்கள்.

எங்கள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தடவை, “அந்த அட்டையை நம்மூரில் வைத்து வரையுங்கள்” என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரும்பாலும் யாளி, ஐயனார், காளி என்று வந்தது. நன்றாகத்தான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் பூதமே போடவில்லை. பூதம் இருந்த இடத்தில் ஒரு வீட்டு முகப்பு. நிலைக்கு மேலே செதுக்கிய கஜலட்சுமியை இரண்டு பேர் ஏணியில் நின்று கடப்பாரையால் நெம்புகிறார்கள். கீழே தேக்குத் தூணைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். பல்லி மனிதர்கள் கிடந்த இடத்தில் பெயர்த்த தரைக்கற்கள். வாள் துடைத்தவனுக்குப் பதிலாகத் துண்டால் கழுத்தைத் துடைக்கும் லாரி டிரைவர். வரைபடம் பார்த்தவர்கள் இருந்த இடத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாலு பேர். கையில் பாகப்பிரிவினைப் பத்திரம்.

தெரியாதவர்களுக்கு: இங்கே ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் இருப்பார்கள், ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாட்டில். பராமரிக்க முடியாமல் போகும்போது வீட்டைப் பிரித்து விற்றுவிடுவார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் அந்தக் கதவும் தூணும் எனாமல் தூக்குச்சட்டியும் கடை கடையாக விற்பனைக்கு இருக்கும். வாங்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

நண்பர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கும் பங்காளிகள் உண்டு, அந்தப் பேச்சும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார். படம் இப்போது டிராம்பியரின் பூதத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. மூலையில் அந்தப் பெண் தன் முதலெழுத்துகளைப் பின்னி ஒரு முத்திரை போட்டிருக்கிறாள். அது மட்டும் சுத்தக் காப்பி.

விளையாட வரலாமா? கட்டணம் உண்டா?

வரலாம், கட்டணம் கிடையாது. பத்து வயதுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடித்துவிடுவோம். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, கதை முழுக்கத் தமிழில்தான். பகடை நாங்கள் தருவோம். இல்லாதபோது இரண்டு தாயக்கட்டையை வைத்துச் சமாளித்த நாளும் உண்டு.

அந்தப் பழைய புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு. பலகாரத் தட்டை அடுத்த தூணுக்குத் தள்ளி வைத்த பிறகுதான் புத்தகம் வெளியே வரும். அட்டையில் பூதத்தின் முழங்காலுக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். அது டிராம்பியர் வரைந்தது இல்லை. கந்தரப்பம் தின்றுகொண்டே பார்த்தது நான்தான்.